லாபம், ரெண்டு, மூணு

எங்கள் சமையலறையில் ஒரு தேக்குப் பலகை கிடக்கிறது. ஒன்றரை முழ நீளம், ஒரு சாண் அகலம் இருக்கும். ஒரு மூலை மேலே தூக்கிக்கொண்டு நிற்பதால் எங்கே போட்டாலும் சமமாக உட்காராது. எண்பத்து நான்கு வயதான என் அம்மா அதன் மேல் உட்கார்ந்துதான் அரிவாள்மனையில் காய் நறுக்குவார். ஒவ்வொரு நறுக்குக்கும் பலகை டக்கென்று ஒரு பக்கம் சாயும், டக்கென்று மறுபக்கம் சாயும். போன மாதம் அலமாரிக் கதவைச் சரிசெய்ய வந்த கார்பெண்டர் தம்பி இதைப் பார்த்துவிட்டு, "ஏனுங் டீச்சர், பலகை ஆடுதுங்களே. குடுங்க, ஒரு இழைப்பு இழைச்சுத் தாரேன். அப்பறம் ஆடாதுங்க" என்று சொல்லி அதைக் கையில் எடுத்தார். "கீழ வையுங்க அதை!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பலகையைக் கீழே போட்டேவிட்டார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. அம்மா மட்டும் அசையவில்லை. "அவ அப்படித்தானுங் தம்பி. முப்பத்தஞ்சு வருசம் கணக்கு டீச்சரு. நீங்க டீயக் குடிங்க" என்றார்.

மறுநாள் அந்தத் தம்பிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். ஆனால் ஏன் கத்தினேன் என்று சொல்லவில்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் மறுபடியும் கத்துவேன். எழுதினால் கத்தாமல் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முடிகிறதா பார்ப்போம்.

அந்தப் பலகை ஒரு நடன மண்டபத்தின் தரையிலிருந்து வந்தது. கோயமுத்தூரில் மில் முதலாளிகளும் டாக்டர்களும் வக்கீல்களும், மலையிலிருந்து இறங்கி வரும் எஸ்டேட்காரர்களும் கூடுகிற ஒரு கிளப் இருந்தது. இப்போதும் இருக்கிறது. பெயர் வேண்டாம். வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன தேக்குத் தரை அதன் பெருமை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் டீ குடித்துவிட்டு, கிராமபோன் தட்டைச் சுழலவிட்டு, ஆணும் பெண்ணும் கைகோத்து அந்தத் தரையில் வழுக்கிக்கொண்டு ஆடுவார்களாம். பால்ரூம் டான்ஸ். நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் அதற்குப் பெயர் ‘பால் டான்ஸ்’. எதிர்வீட்டு அக்கா அம்மாவிடம், "பாலக் குடிச்சுப்போட்டு ஆடுவாங்களா, ஆடிப்போட்டுக் குடிப்பாங்களா?" என்று நிஜமாகவே சந்தேகம் கேட்டார்.

அப்பா அங்கே ‘ஹால் பாய்’. முப்பத்தெட்டு வயது, தலையில் பாதி நரை, பத்து வயதில் ஒரு மகள். அந்த ஆளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பாய்’, பையன். அப்பா தட்டைத் தொடக் கூடாது, தம்ளரைத் தொடக் கூடாது, சமையல்கட்டுப் படியில் கால் வைக்கக் கூடாது. அதற்கெல்லாம் வேறு ஆட்கள் இருந்தார்கள். நாங்கள் கருமத்தம்பட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் தோட்டத்தில் பாடுபட்ட சனம். அப்பாவின் தாத்தா வேதத்துக்கு மாறி, கழுத்தில் சிலுவை போட்டுக்கொண்டார். சாமியை மாற்றிக்கொள்ள விட்டார்கள், மற்றதை மாற்றிக்கொள்ள விடவில்லை. ஆகவே அப்பாவுக்குக் கிடைத்தது தரை.

தரைக்கு மெருகு போடுவதென்றால் சும்மா துடைப்பது இல்லை. மட்டை உரிக்காத முற்றல் தேங்காயைக் குறுக்கே இரண்டாக வெட்டி, நார் தெரியும் பக்கத்தைக் கீழே வைத்து, அதன் மேல் ஒரு காலை ஊன்றி, மெழுகு தடவிய பலகைகள் மேல் முன்னும் பின்னும் தள்ள வேண்டும். வலது காலால் ஒரு மணி நேரம், இடது காலால் ஒரு மணி நேரம். தினமும் காலையில் அந்தப் பெரிய மண்டபத்தில் அப்பா ஒற்றை ஆளாக இப்படி வழுக்கிக்கொண்டே இருந்தார். ஞாயிறு மாலையில் தரையில் பவுடர் தூவிவிட்டு, யாராவது டீயைச் சிந்தினால் துடைப்பதற்காகச் சன்னலோரம் நிற்பார். "ஆடறவிய மூஞ்சியப் பாக்கக் கூடாதுன்னு உத்தரவு. அதனால காலப் பாத்தேன் அம்மணி. நல்லதாப் போச்சு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். கால்களைப் பார்த்துப் பார்த்தே வால்ட்ஸ் முழுவதையும் அவர் கற்றுக்கொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கோயமுத்தூர்த் தமிழ் மரியாதையான தமிழ் என்று ஊரெல்லாம் பேச்சு. எதற்கெடுத்தாலும் ‘ங்க’. வாங்க, போங்க, சாப்பிடுங்க, இல்லீங்க, ஆமாங்க. நாயைத் துரத்தும்போதுகூட ‘போங்க’ என்பார்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. அந்த கிளப்பில் அப்பா பதினோரு வருடம் வேலை செய்தார். நாய்க்குக் கிடைத்த ‘ங்க’ அவருக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. ‘டேய்’, ‘ஏன்டா’, ‘இங்க வாடா’. பள்ளிக்கூடம் முடித்த பையன்கள் அப்படிக் கூப்பிட்டார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பதில் சொன்னார். மரியாதையான ஊர்தான், யார் இல்லையென்றார்கள்?

அம்மா அப்போது ஒரு கடலைக்காய் மண்டியில் அளந்து போடும் வேலை செய்தார். காலை முதல் பொழுது சாயும்வரை வள்ளம் என்கிற அளவுப் பாத்திரத்தில் அள்ளி அள்ளிச் சாக்கில் கொட்ட வேண்டும். அளக்கிறவர்கள் முதல் அளவை ‘ஒண்ணு’ என்று சொல்ல மாட்டார்கள். ‘லாபம்’ என்பார்கள். ஒன்று என்று ஆரம்பித்தால் ஒன்றோடு நின்றுவிடும் என்று ஒரு பயம். லாபம், ரெண்டு, மூணு, நாலு. பன்னிரண்டு வயதிலிருந்து அளந்தவருக்கு வாயில் ‘ஒண்ணு’ என்கிற சொல்லே வராமல் போய்விட்டது. எனக்கு எண் சொல்லிக்கொடுத்தபோதே ‘லாபம், ரெண்டு’ என்றுதான் சொல்லிக்கொடுத்தார். முதல் வகுப்பில் நான் அப்படிச் சொல்லி வாத்தியாரிடம் குட்டு வாங்கினேன். அந்தக் குட்டுதான் என்னைக் கணக்கு டீச்சர் ஆக்கியது என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசைக்குப் போய் வந்து, கறிக்குழம்பு கொதித்து முடிந்ததும், அப்பா கயிற்றுக் கட்டிலைத் தூக்கிச் சுவரில் சாத்துவார். ஒரே அறை வீடு. மூலையில் ஆட்டுக்கல், அதைப் பெயர்க்க முடியாது. மற்ற இடமெல்லாம் காலி. "வா புள்ளே" என்பார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஐயோ, பட்டப்பகல்ல, கதவையாச்சும் சாத்துங்க" என்பார். சாத்தினால் வெளிச்சம் இருக்காது. ஆகவே கதவு திறந்தே இருக்கும். அப்பா அம்மாவின் வலது கையைத் தன் இடது கையில் வாங்கி, தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடிப்பார். இன்னொரு கை அம்மாவின் முதுகில் பட்டும் படாமலும் இருக்கும். கிராமபோன் ஏது? அப்பா உதட்டை மூடிக்கொண்டு மூக்கால் ஒரு மெட்டைப் பாடுவார். "ஒன், டூ, த்ரீ. ஒன், டூ, த்ரீ. எண்ணு புள்ளே" என்பார். அம்மா எண்ணுவார். லாபம், ரெண்டு, மூணு. லாபம், ரெண்டு, மூணு.

"லாபம் இல்ல புள்ளே, ஒன்."

"அதேதானுங்க நானும் சொல்றேன்."

அப்பா தோற்றுப்போய்த் தானும் ‘லாபம்’ என்றே எண்ண ஆரம்பித்தார். லாபத்துக்குப் பெரிய அடி, ரெண்டுக்கும் மூணுக்கும் சின்ன அடி. ஆட்டுக்கல் பக்கம் வரும்போது அப்பா அம்மாவை ஒரு சுழற்றுச் சுழற்றி அதைத் தாண்ட வைப்பார். அம்மாவின் சேலை ஆட்டுக்கல்லை உரசிக்கொண்டு போகும். வாரம் முழுக்க மூட்டைத் தூசியில் மூச்சடைத்துக் கிடந்த பொம்பளை, அந்த அரை மணி நேரம் வாய்விட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் வேறு எந்த நாளிலும், வேறு எந்தக் காரணத்துக்கும் கேட்டதில்லை. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "மாப்ளயும் பொண்ணும் பால் காய்ச்சறாங்க" என்று கூவுவார். நான் கட்டில் காலில் சாய்ந்தபடி குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சந்தோசம் என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வரும்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா வீடு திரும்பி அம்மாவிடம் சொன்னபோது நான் அதே கட்டில் காலடியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆகவே அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கிளப்புக்கு வழக்கமாக வரும் ஒரு லேடி டாக்டர் உண்டு. லண்டனில் படித்தவர், கணவரை இழந்தவர், அறுபது வயது இருக்கும். எல்லாரும் அவரை டாக்டரம்மா என்பார்கள். அவரோடு எப்போதும் ஆடுகிற வயதான எஸ்டேட் மேனேஜர் அன்றைக்கு வரவில்லை. டாக்டரம்மா வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்து கால் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாராம். கடைசித் தட்டு வைத்ததும் எழுந்து, மண்டபத்தைக் குறுக்கே கடந்து, நேராகச் சன்னலோரம் வந்தாராம்.

"ஏனுங்க, ஒரு சுத்து ஆடலாமுங்களா?"

அப்பா திரும்பித் தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாராம். பின்னால் சன்னல்தான் இருந்தது. ‘எனக்குத் தெரியாதுங்க’ என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை. ஆனால் பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஒரு ‘ங்க’ காதில் விழுந்திருக்கிறது. அப்பா சட்டையில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு, "தெரியுமுங்க" என்றார்.

ஒரு தட்டு ஓடுகிற நேரம், மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோ. தன் காலால் தேய்த்த தரையில் தன் காலாலேயே ஆடினார். "காலு தரையில படவே இல்ல புள்ளே. எண்ணக்கூட இல்ல. அந்தம்மா, உங்களுக்கு யாருங்க சொல்லிக்குடுத்தாங்கன்னு கேட்டுது. தேங்கா மட்டைங்கன்னேன். என்னமாச் சிரிச்சுது! மத்தவியெல்லாம் ஓரமா ஒதுங்கி எங்களுக்கு வழி உட்டாங்க" என்று அம்மாவிடம் சொன்னார். முகமெல்லாம் பல்லாக இருந்தது. வழி விட்டார்கள் என்றுதான் பாவம், அவர் நினைத்தார். எனக்குக்கூட அப்போது அப்படித்தான் தோன்றியது.

அந்த கிளப்பின் செக்ரட்டரியை நான் இதில் ‘அவன்’ என்றுதான் எழுதப்போகிறேன். இதில் வரும் மற்ற எல்லாருக்கும் ‘ர்’ போட்டிருக்கிறேன். இந்த ஒருவனுக்கு மட்டும் கிடையாது. கணக்கு நேராகட்டும். மறுநாள் காலையில் அவன் அப்பாவைக் கூப்பிட்டு மண்டபத்தைக் கழுவச் சொன்னான். இரண்டு பெரிய அண்டாக்களில் மஞ்சள் கரைத்து வைத்திருந்தார்கள். உலகத்திலேயே ருசியான தண்ணீர் என்று நாங்கள் பீற்றிக்கொள்கிற சிறுவாணித் தண்ணீர்.

அப்பா கும்பிட்டபடி சொல்லியிருக்கிறார்: "ஐயா, மரத்துக்குத் தண்ணி ஆகாதுங்க. ஊறிப் பலகை எந்திரிச்சுக்குமுங்க. அப்பறம் யாரும் ஆட முடியாதுங்க."

"நீ ஆடுன தரைல நாங்க எப்படிடா கால் வெக்கறது? ஊத்துடா."

அப்பா ஊற்றினார். குடம் குடமாக, மண்டபம் முழுக்க. பதினோரு வருடம் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் காப்பாற்றிய தரையில் தானே ஊற்றினார். மகனைப்போல என்றெல்லாம் சொல்ல மாட்டேன், அது வெறும் மரம்தான். ஆனால் அந்த ஊரில் அது அவருக்குத் தெரிந்த ஒரே நல்ல மரம். பத்து நாள் வெயிலில் பலகைகள் ஒவ்வொன்றாக மூலை தூக்கின. இரண்டு பலகைக்கு நடுவே விரல் நுழைகிற அளவுக்குச் சந்து விழுந்தது. அதற்கடுத்து வந்த ஞாயிறு ஒரு மில் முதலாளியின் மனைவி தடுக்கி விழுந்தார். கமிட்டி கூடியது. தரை எப்படிக் கெட்டது என்று கேட்டார்கள். "ஹால் பாய் புத்தியில்லாமத் தண்ணி ஊத்திக் கழுவிப்போட்டான்" என்று செக்ரட்டரி சொன்னான். அப்படியே எழுதிக்கொண்டார்கள். அப்பாவை அன்றே நிறுத்தினார்கள். தீட்டுக் கழிக்கிறோம் என்று சொல்லித் தங்கள் தரையைத் தாங்களே பாழாக்கிக்கொண்ட முட்டாள்கள், முட்டாள் என்ற பெயரை என் அப்பாவுக்கு எழுதி வைத்தார்கள்.

பலகைகளைப் பெயர்த்துப் பின்பக்கம் குவித்திருந்தபோது, அப்பா போய் ஒன்றே ஒன்றை எடுத்து சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். மண்டபத்தின் நட்ட நடுப்பலகை. ஒவ்வொரு பலகையும் அவர் காலுக்குத் தெரியும். "இதுலதான் திரும்புனேன்" என்றார்.

கருமத்தம்பட்டிக்கே திரும்பினோம். அங்கே ஒரு தறிப்பட்டறையில் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அந்த வீடு பெரியது, ஆட்டுக்கல் வெளியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை குழம்பு இறக்கியதும் அம்மாவே கட்டிலைத் தூக்கிச் சுவரில் சாத்திவிட்டு நின்றார். அப்பா தரையைப் பார்த்தார். "தரை சரியில்ல புள்ளே" என்றார். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னார். அம்மா சாணி போட்டு மெழுகினார், பிறகு சிமெண்ட் போட்டார்கள், நான் வேலைக்குப் போன பிறகு மொசைக் போட்டேன். ஒவ்வொரு தரையையும் அப்பா காலால் தேய்த்துப் பார்ப்பார், தலையை ஆட்டுவார். தரை சரியில்ல. முப்பது வருடத்துக்கு அந்த வீட்டில் தரை சரியாகவே இல்லை. அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மாவின் அந்தச் சிரிப்பு அவருக்கு முன்னாலேயே போய்விட்டது.

எனக்கு அப்பா மேலும் கோபம் உண்டு. செக்ரட்டரியைப் பற்றி அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. "அவியவிய பழக்கம் அம்மணி" என்பார். பழக்கமாம்! அவர் கோபப்படாமல் விட்டதையெல்லாம் சேர்த்து நான் கோபப்பட வேண்டியதாகிவிட்டது. டாக்டரம்மா மேலும் கோபம் உண்டு. அதன் பிறகு அவர் கிளப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டோம். ஒருமுறை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மருந்துக்கடை வாசலில் அப்பாவைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாராம். அப்பா அதை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் டாக்டரம்மா, கேட்கிறேன், அந்தக் கமிட்டியில் போய் ‘ஆடக் கூப்பிட்டது நான்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா? ‘ங்க’ போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்ததா? அவரும் இறந்துவிட்டார். யாரிடம் கேட்பது?

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன். என்னிடம் படித்த மாணவி ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொண்டுவந்தார். காலை முகூர்த்தம் வேறிடம், மாலை வரவேற்பு அந்த கிளப்பில். பத்திரிகையில் பெயரைப் பார்த்ததும், எனக்கு முழங்கால் வலி என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அம்மா பத்திரிகையைக் கையில் வாங்கி விரலால் தடவினார். "அந்த மண்டபத்த நான் ஒருக்காக்கூடப் பாத்ததில்ல கண்ணு. போலாம்" என்றார். அப்பா பதினோரு வருடம் தேய்த்த இடத்தை அம்மா பார்த்ததே இல்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

போனோம். ஏசி, கண்ணைப் பறிக்கிற விளக்கு, தரையெல்லாம் பளபளக்கும் டைல்ஸ். பெங்களூரிலிருந்து டான்ஸ் சொல்லிக்கொடுக்க ஆள் கூட்டிவந்து பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு மாதம் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஸ்பீக்கரில் வால்ட்ஸ் வந்தது. இருவரும் கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து மெதுவாகச் சுழன்றார்கள். சொந்தபந்தமெல்லாம் கைதட்டியது, போனில் படம் பிடித்தது. நல்லாத்தான் ஆடினார்கள், குழந்தைகள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அடுத்து பெண்ணின் அப்பாவழித் தாத்தாவை இழுத்துவிட்டார்கள். எழுபது தாண்டியிருக்கும், பட்டு வேட்டி. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுச் சுற்று ஆடினார். துளி மூச்சு வாங்கவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். மடியில் வைத்திருந்த கையின் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. உதடும் அசைந்தது. கேட்காவிட்டாலும் என்ன எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும்.

ஆடி முடித்த பெரியவர் மேசை மேசையாக விசாரித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். மருமகளின் டீச்சர் என்றதும் தாங்க முடியாத மரியாதை. "வாங்க வாங்க, சாப்பிட்டீங்களா? அம்மாவுக்கு இனிப்பு வெக்கச் சொல்லட்டுங்களா?" நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். நான் சும்மா இருக்கப் பிடிக்காமல் தரை நன்றாக இருக்கிறதே என்றேன். வேண்டுமென்றுதான் சொன்னேன்.

"இதென்னங் டீச்சர் தரை! அந்தக் காலத்துல இங்க தேக்குத் தரை இருந்துச்சுங்க. எங்கய்யன்தான் அப்ப செக்ரட்டரி. ஒரு வேலைக்காரன், சரியான மடையனுங்க, தண்ணியக் குடம் குடமா ஊத்திக் கழுவிப்போட்டான். அத்தனையும் போச்சுங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் செக்ரட்டரியின் மகன். என் கை மேசையின் மேல் இருந்த தம்ளரைப் பிடித்தது. அதை என்ன செய்திருப்பேனோ தெரியாது. அதற்குள் அம்மா பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

"ஊத்துனது என்ற ஊட்டுக்காரருங்க. ஊத்தச் சொன்னது உங்கய்யனுங்க. மரத்துக்குத் தண்ணி ஆகாதுங்கன்னு கும்புட்டுச் சொன்னாருங்க. கேக்கலீங்க. எதுக்கு ஊத்தச் சொன்னாருன்னு தெரியுங்களா? இந்த எடத்துல என்ற ஊட்டுக்காரரு ஒரு சுத்து ஆடுனாருங்க. அதுக்குங்க."

பெரியவர் முகத்தில் இருந்த சிரிப்புக்குப் போக இடம் தெரியவில்லை. "அப்படீங்களா... நான் அப்ப காலேஜுல இருந்தனுங்க... அவரு... அவரு நல்ல மனுசனுங்க, கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். ஒரு நிமிடத்துக்கு முன்னால் மடையன். இப்போது அவரு. எதிரில் அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்காகக் கொடுத்த ‘ரு’. செத்துப்போன மனிதனுக்கு ஐம்பது வருடம் கழித்து, மனைவி நேரில் வந்து உட்கார்ந்தால்தான் அதுவும் கிடைக்கிறது. நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டை அழுத்திவிட்டு, மேசையைப் பிடித்து எழுந்து நின்றார். ஸ்பீக்கரில் அடுத்த வால்ட்ஸ் ஆரம்பித்திருந்தது. அம்மா தன் வலது கையை அவருக்கு முன்னால் நீட்டினார். ஐம்பது வருடமாக அந்தக் கை மறக்காமல் வைத்திருந்த அதே உயரத்தில்.

"ஏனுங்க, ஒரு சுத்து ஆடலாமுங்களா?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். யாரோ ஒரு பெண், "சூப்பர் பாட்டி!" என்று கைதட்டினார். பெரியவர் அம்மாவின் கையைப் பார்த்தார். அந்தக் கையை அவர் பார்த்த பார்வையை நான் என் பள்ளியில் பார்த்திருக்கிறேன், டீக்கடையில் பார்த்திருக்கிறேன், வாடகைக்கு வீடு கேட்டுப் போன வாசல்களில் பார்த்திருக்கிறேன். எனக்குப் புதிதில்லை. அவர் இரண்டு கையையும் கூப்பினார். நன்றாக, நெஞ்சுக்கு நேராக, இறுக்கமாகக் கூப்பினார்.

"மன்னிச்சுக்குங்க அம்மா. எனக்குக் கால் வலிங்க. முடியாதுங்க."

‘ங்க’ மூன்று வந்தது. எண்ணிக்கொண்டேன். கை மட்டும் வரவில்லை.

அம்மா கையை உடனே இறக்கவில்லை. இரண்டு மூச்சு நேரம் அப்படியே நீட்டியபடி நின்றார். பிறகு, "சேரிங்க. காலப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெரியவர் யாரோ கூப்பிட்டதுபோல எழுந்து போனார். ‘வாம்மா, போகலாம், இந்த வீட்டுச் சோறு நமக்கு வேண்டாம்’ என்று நான் குதித்தேன். "அந்தப் புள்ளை கல்யாணம். சாப்பிடாமப் போனா அதுக்கு நல்லதில்ல" என்று அம்மா மறுத்துவிட்டார். நிதானமாகச் சாப்பிட்டார். பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

காரில் வரும்போது நான் திட்டிக்கொண்டே வந்தேன். செக்ரட்டரியை, அவன் மகனை, டாக்டரம்மாவை, அப்பாவை, அந்தப் பளபளக்கும் டைல்ஸை. அவிநாசி ரோட்டு மேம்பாலம் முழுக்கத் திட்டினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"உங்கப்பன் முப்பது வருசம் தரை சரியில்ல, தரை சரியில்லன்னு சொன்னாரு. நான் இன்னைக்குக் காலால தேச்சுப் பாத்தேன் கண்ணு. தரைக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்குது" என்றார்.

‘ஒண்ணுமில்ல’ என்றார். என் வாழ்நாளில் அம்மா வாயிலிருந்து அந்த ‘ஒண்ணு’ வந்ததை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நேற்று காலை அந்தக் கார்பெண்டர் தம்பி மீதிக் கதவைச் சரிசெய்ய வந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டடி தள்ளியே நின்றார். அம்மா வழக்கம்போல அதே பலகையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பலகை டக் டக்கென்று சாய்ந்துகொண்டிருந்தது. வேலை முடிந்து பையைக் கட்டும்போது அந்தத் தம்பிக்கு மனசு கேட்கவில்லை. என்னிடம் கேட்கப் பயந்துகொண்டு அம்மாவிடம் குனிந்து கேட்டார்.

"ஏனுங் அம்மா, கீழ விழுந்து வெச்சீங்கன்னா என்னங்க பண்றது? அஞ்சு நிமிசந்தானுங்க. இழைச்சுப்போட்டா அப்பறம் ஆடவே ஆடாதுங்க."

அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஆடட்டும் உடுங்க தம்பி" என்றார்.